63-அ: அரை விரல் நூல்

போன வாரம் ஒரு நாள் காலையில், மூன்றாவது இட்லிக்கும் நாலாவது இட்லிக்கும் நடுவில் நான் இருந்தபோது கௌசல்யா போன் செய்தாள். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆடை வடிவமைப்புத் துறையில் பழைய உடைகளைச் சேகரித்து வைக்கும் அறை ஒன்று உண்டு. அதற்குப் பொறுப்பாளர் இப்போது கௌசல்யா. போன வருஷம் வரை நான். பதிவேட்டில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்களாம்.

“அண்ணா, 63-அ ன்னு ஒரு சின்னக் கவர் இருக்குண்ணா. உள்ள ஒண்ணுமே இல்ல, ஒரு நூலுதான் கெடக்கு. குப்பைன்னு தூக்கிப் போட இருந்தேன்.”

“போட்டுட்டியா?”

“இல்லண்ணா. கவர் மேல பதிவேட்டு நம்பரு போட்டிருக்கு. உங்களக் கேட்டுட்டுப் போடலாம்னு...”

நாலாவது இட்லியை விட்டுவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். “எடுத்த எடத்துலயே வையி. சாயங்காலம் சொல்றேன்” என்றேன். சாயங்காலம் அவளுக்கு இருபது நிமிஷத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். போனில் சொல்லும்போது என் மானத்தை அங்கங்கே காப்பாற்றிக்கொண்டேன். எழுத்தில் அது முடியாது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நான் அடிப்படையில் டெய்லர். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெரீப் பாய் கடையில் தொழில் படித்தேன். அந்த ஏழு வருஷத்தையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: காஜா எடுத்தேன், திட்டு வாங்கினேன், டீ வாங்கி வந்தேன், டெய்லர் ஆனேன். பாய்க்கு உலகத்தில் பிடிக்காத ஒரே பொருள் தொங்கும் நூல். “தம்பி, நூலு தொங்குனா துணி இன்னும் மிஷின விட்டு எறங்கலேன்னு அர்த்தம்” என்பார். வெட்டிய நூலைத் தரையில் போடக் கூடாது, மிஷின் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். சட்டையின் இடது மார்பில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் பாய் வரிசையாக எங்கள் மார்பைப் பார்ப்பார். நூல் நிறைய ஒட்டியிருந்தால் வேலை பார்த்தவன். இல்லாவிட்டால், “என்ன தங்கராசு, இன்னைக்கு மாப்பிள்ளையாட்டம் வந்து குந்திட்டுப் போறியா?” என்பார். அதற்குப் பயந்து, வேலை குறைவான நாட்களில் நூல்கண்டிலிருந்தே கொஞ்சம் வெட்டி ஒட்டிக்கொண்டதும் உண்டு.

பிறகு சொந்தமாகக் கடை வைத்தேன். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் யூனிபாரமும் டையும் தைப்பேன். எலாஸ்டிக் வைத்த டை, முடிச்சு முன்னாலேயே போட்டது, தலை வழியாக மாட்டினால் ஆயிற்று. ஒன்றரை மாவட்டத்துப் பிள்ளைகளின் கழுத்தை இறுக்கியவன் நான். ஆனால் நிஜமான டை ஒன்றைக் கையில் தொட்டது கிடையாது. முடிச்சுப் போடவும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

நாற்பத்தைந்து வயதில் இடுப்பு மிஷினோடு சண்டை போட ஆரம்பித்தது. கல்லூரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். துறைத் தலைவர் ஒரு மேடம். ஒடிசலான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, குரல் எப்போதும் ஒரே அளவு. ஒரு பட்டுத் துண்டையும் எண் எழுதும் வெள்ளை நாடாவையும் கொடுத்து, நாடாவைப் பட்டில் தைக்கச் சொன்னார். வேலை கேட்டு வந்தவன் அல்லவா, என் முழுத் திறமையையும் காட்டி எட்டுத் தையல் போட்டேன். மேடம் பார்த்தார்.

“ரெண்டு போதும். நாளைக்கு இந்த நாடாவப் பிரிக்கணும்னா பட்டுக்கு வலிக்கக் கூடாது.”

துணிக்கு வலிக்கும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. வேலை கிடைத்தது. ஒரு வருஷம் தற்காலிகம்; அதற்குப் பிறகு மேடம் கடிதம் கொடுத்தால் நிரந்தரம். கடிதம் இல்லையென்றால் மறுபடி எலாஸ்டிக்.

அந்த அறையின் சட்டதிட்டங்களை இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். உள்ளே போகுமுன் கை கழுவித் துடைத்து, ஈரம் போகும்வரை நிற்க வேண்டும். மோதிரம், கடிகாரம் கூடாது. பேனா கூடாது, பென்சில்தான். டீ கூடவே கூடாது. கத்தரிக்கோல் மேடத்தின் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். ரசகற்பூர உருண்டை கூடாது. முதல் நாளே ஆசையாக ஒரு பொட்டலம் வாங்கிப் போய் அதோடு வெளியே அனுப்பப்பட்டவன் நான். எந்த உடையையும் தோய்க்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, கிழிசலைத் தைக்கக் கூடாது. கிழிந்திருந்தால் கிழிந்திருக்கிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டில் தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியாக எழுதவேண்டும். ரப்பர் அந்த அறைக்குள் நுழையவே கூடாது.

“பாத்தத எழுதுங்க. நெனச்சத எழுதாதீங்க.” இதுதான் மேடத்தின் மந்திரம். உடையார்பாளையத்திலிருந்து வந்த ஒரு பட்டுப் பாவாடைக்கு, “ராஜ வம்சத்துப் பாவாடை, அருமையானது” என்று எழுதினேன். மேடம் கோடு போட்டு அடித்தார். “ராஜாவப் பாத்தீங்களா?” “இல்ல மேடம்.” “என்ன பாத்தீங்க?” “அரக்குக் கலர், அடியில ரெண்டு எடத்துல பூச்சி அரிச்சிருக்கு.” “அத எழுதுங்க.”

மேடத்துக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார், அவ்வளவுதான். அந்தச் சின்னச் சத்தத்துக்குப் பேராசிரியர்களே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள்.

என் ஒரு வருஷம் முடியப்போகும் மாதத்தில்தான் 63-ஆம் எண் பொருள் வந்தது. கொண்டுவந்தவர் கலியமூர்த்தி சார். அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் செய்தித்தாள், செய்தித்தாளுக்குள் ஒரு பட்டு டை.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டைல்ஸ் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் கவிழ்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மேலே ஒரு பாதித் தூண், கோயில் மண்டபத் தூண் மாதிரி, ஆனால் பாதியில் அறுந்துபோய். அதன் கீழே கறுப்பு வெள்ளைக் கட்டம். கட்டத்தின்மேல் ஒரு முக்கோணம். முக்கோணத்தைக் குத்திக்கொண்டு மண்புழு போல ஒரு நீலக் கோடு. அங்கங்கே மஞ்சள் புள்ளிகள், யாரோ உதறிய மாதிரி.

“மேடம், பிரின்ட்டு தப்பாயிருச்சு போலருக்கே” என்றேன், கொடுத்தவர் காதில் விழாமல்.

“தப்பில்ல. இது பின்நவீனத்துவ டிசைன். பழைய தூணையும் பிளாஸ்டிக் கலரையும் வேணும்னே ஒண்ணாப் போட்டு, ரொம்ப ஒழுங்கா இருக்கறதையெல்லாம் கேலி பண்றது.”

கேலி பண்ணுகிற டை என்றதும் எனக்கு அதன்மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

ஆலைக்கு மிஷின் பொருத்த வந்த இத்தாலிக்காரர் ஒருவர், ஊருக்குக் கிளம்பும் நாளில் தன் கழுத்திலிருந்து கழற்றி சாருக்குப் போட்டுவிட்டுப் போனாராம். அரியலூர் வெயிலில் டை கட்டி யாரால் இருக்க முடியும்? வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மட்டும் கட்டுவாராம். மிஷினுக்குப் பொட்டு வைக்கும்போது ஒரு தடவை சந்தனம் சிந்தி, நுனியில் ஒரு கறை. மற்ற நாட்களில் ஜன்னலோர ஆணியில் தொங்கியிருக்கிறது.

“எங்க வூட்டம்மாவுக்கு இதக் கண்டாலே ஆவாது. செங்கல் கலருல என்ன டை இதும்பா. நல்ல ரோஸ் கலர் மேடம் இது, அவ கல்யாணமாகி வரதுக்குள்ள வெளுத்துப் போச்சு. சொன்னா நம்பறதில்ல. முப்பது வருஷமா சண்ட” என்றார். கிளம்பும்போது டையை ஒரு தரம் தடவிவிட்டு என்னிடம், “பத்திரமாப் பாத்துக்கங்க தம்பி” என்றார். வெள்ளிக்கிழமை எங்கள் கண்காட்சி. அதில் டையைப் பார்க்க வருவதாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை பதிவேட்டில் எழுதினேன். நீளம், அகலம். “உடைந்த தூண். செங்கல் நிற முக்கோணம். நுனியில் சந்தனக் கறை. பின்தையல் முழுமை. பின்புறம், தையல் முடியும் இடத்தில் அரை விரல் நீள நூல் வளையம் தொங்குகிறது.” பார்த்ததை அப்படியே எழுதியிருக்கிறேன் என்று எனக்கே பெருமை.

மதியம் போட்டோ எடுக்க அந்தோணி வந்தார். லேப் உதவியாளர், ஏலாக்குறிச்சிக்காரர், என் வயதுதான். அவர் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது நான் டையைத் திருப்பினேன். அந்த நூல் தொங்கியது. காலையில் பதிவேட்டுக்காகப் பார்த்தபோது அது வெறும் விவரம். இப்போது பின்பக்கம் படம் பிடிக்கப் போகிறோம் என்றதும் ஷெரீப் பாய் என் காதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டுச் சரக்கு, பட்டு, கண்காட்சிக்குப் போகிறது, நூல் தொங்குகிறது. தைத்தவன் மறந்துவிட்டான். இத்தாலியில் ஒரு ஷெரீப் பாய் இல்லாமல் போனாரே என்று பரிதாபப்பட்டேன்.

என் சட்டைப் பையில் ஒரு சின்ன நூல்வெட்டி இருந்தது. இருக்கக் கூடாதுதான். முப்பது வருஷமாக அது இல்லாமல் நான் சட்டையே போட்டதில்லை. கை போனது, எடுத்தது, ‘நறுக்’ என்றது. மூளைக்குத் தகவல் போகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அழகாக வெட்டியிருக்கிறோம் என்ற திருப்தி வேறு.

டையைத் தூக்கி அட்டைமேல் வைத்தேன். வைக்கும்போது அகலமான நுனிப்பக்கம் லேசாக விரிந்தது. சரிசெய்யலாம் என்று இன்னொரு பக்கத்தைத் தொட்டேன். பின்தையல் சரசரவென்று ஓடியது. சுருக்குப்பையின் வாய் திறப்பதுபோல் ஒரு சாண் திறந்து, உள்ளே இருந்த உள்துணி என்னைப் பார்த்தது.

“யோவ், என்னய்யா பண்ண?” என்றார் அந்தோணி.

“தொங்குச்சு. வெட்டுனேன்.”

“உன்னயெல்லாம் ஆபரேஷன் தேட்டருக்கு விட்டா கொடலையும் வெட்டி விட்ருவ போலருக்கே!” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “சரி சரி, அழுவாத. நீதான் டெய்லராச்சே, பத்து நிமிஷத்துல தச்சுப்புடு. யாருக்குத் தெரியப் போவுது? நா வேணா மாதாவுக்கு ஒரு மெழுவத்தி ஏத்தறேன்.”

பத்து நிமிஷம்கூட ஆகாது. அந்தத் தையலைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். நாடா தைக்கும் ஊசியை எடுத்து நூல் கோத்தும்விட்டேன். கடிதம் எழுதவேண்டிய வாரம் அது. மேடத்துக்குத் தெரிந்தால், கை வைக்கக் கூடாத பொருளில் கை வைத்தவன். கத்தரியும் பையில் வைத்திருந்தவன். எனக்குக் கல்லூரி வாசலிலிருந்து அரியலூர் பஸ் கிளம்பும் சத்தமே கேட்டது.

அப்போது என் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று எழுத ஆசைதான். நடந்தது அதுவல்ல. பக்கத்தில் பதிவேடு திறந்து கிடந்தது. “அரை விரல் நீள நூல் வளையம் தொங்குகிறது.” என் கையெழுத்து, கொட்டை கொட்டையாக. டையில் வளையம் இல்லை, பதிவேட்டில் தொங்குகிறது. அழிக்க ரப்பர் கிடையாது. கோடு போட்டு அடித்தால் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். சரியானது என்றால் எதை எழுதுவது? என்னைப் பிடித்துக் கொடுத்தது நானேதான், அதுவும் பென்சிலால். ஊசியைக் கீழே வைத்துவிட்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

“மேடம், 63 பிரிஞ்சிருச்சு.”

மேடம் நிமிர்ந்தார். “பிரிஞ்சிருச்சா, பிரிச்சீங்களா?”

“பிரிச்சுட்டேன் மேடம்.”

எழுந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஆனால் துணியைத் தொடப் போவதானாலும் கடிகாரத்தைக் கழற்றத்தான் வேண்டும். இது கோபக் கழற்றலா, சட்டதிட்டக் கழற்றலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கை கழுவினார். ஈரம் போகும்வரை நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். அதைவிட நீளமான இரண்டு நிமிஷம் என் வாழ்க்கையில் இல்லை, என் கல்யாண முகூர்த்தம் உட்பட. அப்புறம் பெரிய லென்ஸை எடுத்துத் தையலை நுனியிலிருந்து பார்த்துக்கொண்டே போனார்.

“என்ன பாத்தீங்க?”

“நூலு தொங்குச்சு மேடம்.”

“என்ன நெனச்சீங்க?”

“தச்சவன் வெட்ட மறந்துட்டான்னு...”

“மறக்கல. இந்த முழு நீளத்துக்கும் ஒரே நூல், தளர்வாப் போகுது. கழுத்துல கட்டி இழுக்கும்போது டை நீளும், சுருங்கும். நீளறப்போ நூல் வேணுமில்ல? அதுக்காகக் கொஞ்சம் மிச்சம் வெச்சு வளையமா விட்டிருக்கான். நல்லாத் தைக்கத் தெரிஞ்சவன் மட்டும்தான் விடுவான்.”

இத்தாலியின் ஷெரீப் பாயிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

“வெட்டின நூல் எங்க?”

அதுவரை எனக்கு அந்த யோசனையே வரவில்லை. தரையைப் பார்த்தேன். மேசைக்கு அடியில் பார்த்தேன். அந்தோணி என் தோளைத் தட்டி என் மார்பைக் காட்டினார். சட்டையின் இடது பக்கம், பைக்கு மேலே, பாய் கடை வழக்கப்படி, ஒட்டிக்கொண்டிருந்தது அந்த அரை விரல் நூல். மேடம் இடுக்கியால் அதை எடுத்தார். அவர் உதடு ஒரு ஓரத்தில் லேசாக அசைந்தது. அதைச் சிரிப்பு என்று எழுதமாட்டேன். அது நான் நினைத்தது.

தாள் கவரில் நூலைப் போட்டு, “63-அ” என்று எழுதினார். பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். “எழுதுங்க.”

எழுதினேன். “பின்தையலின் மிச்ச நூல் கத்தரிக்கப்பட்டது.”

“யாரால?”

“‘என்னால்’னு போடவா மேடம்?”

“நாளைக்குப் படிக்கறவங்களுக்கு ‘என்னால்’னா யாருன்னு தெரியும்? பேரு.”

எழுதினேன். தங்கராசு. பென்சில் முனை உடைந்தது.

மேடம் மறுபடி லென்ஸோடு குனிந்தார். இந்தத் தடவை தையலைப் பார்க்கவில்லை. திறந்த மடிப்பின் உள்ளே பார்த்தார். விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். “தங்கராசு, இங்க வாங்க. என்ன பாக்கறீங்க?”

மடிப்புக்குள்ளே வெயிலே படாத பட்டு. முக்கோணத்தின் மிச்சம் அங்கே போயிருந்தது. வெளியே செங்கல், உள்ளே கண்ணைப் பறிக்கும் ரோஸ், கோயில் திருவிழாப் பஞ்சுமிட்டாய் ரோஸ். இன்னும் கொஞ்சம் மேலே, தூணின் மறுபாதி. உடைந்த தூண் என்று காலையில் எழுதியிருந்தேனே, அது உடையவே இல்லை. பாதி உள்ளே மடிந்திருந்தது. உடைந்த மாதிரித் தெரியவேண்டும் என்றே மடித்திருக்கிறார்கள். நான் இரண்டு கோடு போட்டு அடித்து, இரண்டு வரி புதிதாக எழுதினேன்.

“தைக்க வேணாம்” என்றார் மேடம். “இப்படியே வைப்போம். ஆனா கலியமூர்த்தி சார்கிட்ட நீங்கதான் சொல்லணும்.” என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வெள்ளிக்கிழமை சார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அரியலூர் பஸ்ஸில் இறங்கி வந்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் தூண் மாதிரி நின்று மறைத்தேன். உடையாத தூண்.

“என்ன தம்பி, காட்ட மாட்டீங்களா?”

“சார், அது வந்து... நீங்க பத்திரமாப் பாத்துக்கச் சொன்னீங்க. நாந்தான் வெட்டிப்புட்டேன் சார். பின்னால நூலு தொங்குச்சு. பழக்க தோஷம். பிரிஞ்சு கெடக்கு.”

அவர் முகம் விழுந்துவிட்டது. என்னை விலக்கிவிட்டுக் குனிந்தார். மூக்கு கண்ணாடியில் முட்டியது. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். நான் அந்தோணியின் மெழுகுவர்த்தியோடு சேர்த்து இன்னும் இரண்டு வேண்டிக்கொண்டேன்.

“தம்பி” என்றார், தலை நிமிராமல். “இந்த ரோஸ்...”

“ஆமாங்க சார். உள்ள வெளுக்கல.”

“அன்னைக்கு இதான் தம்பி கலரு! அந்த மனுஷன் கழட்டிப் போட்டப்ப இதே ரோஸு! நா சொன்னேன், சொன்னேன், ஒரு பயலும் நம்பல. நாளைக்கு இது இருக்குமில்ல?”

“இருக்கும் சார்.”

“அவள இட்டுக்கிட்டு வரேன்.”

மறுநாள் அவர் வீட்டம்மாவோடு வந்தார். அந்தம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டையின் வெளிப்பக்கம் பார்த்தார், உள்பக்கம் பார்த்தார், விளக்கின் பக்கம்கூடப் பார்த்தார், ஏதாவது கலர் பல்பு போட்டிருக்கிறோமா என்று. சார் வெற்றி வீரனாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சரி. ரோஸுதான்” என்றார் அம்மா. சாரின் முகத்தில் முப்பது வருஷப் பூரிப்பு. அது ஒரு நொடிதான் நின்றது.

“ஏங்க, இந்த ரோஸையா கழுத்துல கட்டிக்கிட்டு அத்தன பேரு முன்னால போனீங்க? செங்கல்லுன்னு நெனச்சுல்ல நானும் சும்மா விட்டேன்!”

மேடம் சிரித்தார். இதைப் பார்த்தேன், நினைக்கவில்லை. பல் தெரிந்தது.

போகும்போது சார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லவேள வெட்டுனீங்க” என்றார். அந்தம்மா பின்னாலிருந்து, “வெட்டுனதுதான் வெட்டுனீங்க, முழுசா வெட்டியிருக்கலாம்” என்றார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. நாலு வரி. மூன்று வரி வழக்கமானது. நாலாவது வரி: “தான் செய்த தவற்றைத் தானே பெயரோடு பதிவு செய்தார்.” ரப்பர் இல்லாததால்தான் என்று மேடத்திடம் நான் சொல்லவில்லை. நிரந்தரம் ஆனேன். அதற்குப் பிறகு சட்டைப் பையில் நூல்வெட்டி இல்லாமல் பதினான்கு வருஷம், முதல் ஆறு மாதம் ஒரு பல் போனது மாதிரி இருந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு கௌசல்யா போனில் கொஞ்ச நேரம் சிரித்தாள். அப்புறம், “அண்ணா, கம்ப்யூட்டர்ல ‘கொடுத்தவர்’னு ஒரு கட்டம் இருக்கு. அத நெரப்பலேன்னா அடுத்த பக்கம் போவாது. 63க்குக் கலியமூர்த்தி சார் பேரு போட்டுட்டேன். 63-அ வுக்கு?”

“பதிவேட்டுல என்ன இருக்கு பாரு.”

தாள் புரளும் சத்தம். “மேடம் கையெழுத்துண்ணா. கொடுத்தவர்: தங்கராசு.”

வெட்கத்தில் அந்தப் பக்கத்தையே திருப்பாமல் இருந்ததால், இத்தனை வருஷம் அந்த வரியை நான் பார்த்ததே இல்லை. ஒன்றரை மாவட்டத்துக்குத் தைத்தவன் நான். அந்தச் சேகரிப்பில் என் பெயரில் இருப்பது நான் வெட்டியது, அரை விரல். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் வீட்டில் அது நாலாவது இட்லியை விட்டதைவிடப் பெரிய செய்தி.

“அண்ணா, இருக்கீங்களா? இதப் போட்டோ எடுக்கணும்ண்ணா. ஃபேன் காத்துல நூலு பறக்குது, வெச்ச எடத்துல நிக்க மாட்டேங்குது.”

“ஃபேன நிறுத்து.”

“நிறுத்திட்டு வரதுக்குள்ள காணாமப் போயிட்டா?”

“சட்டைல இடது பக்கம் ஒட்டிக்க” என்றேன். “எங்கயும் போவாது.”